ஒரு பொட்டுச் சந்தனம்

பத்து நாள் காத்திருந்த பிறகுதான் அந்த போன் வந்தது.

"ஏனுங் தம்பி, நம்ம லேப்டாப்புல அம்பு நகரவே மாட்டேங்குது. கீழ இருக்கற பட்டனும் அமுங்க மாட்டேங்குதுங்க. கொஞ்சம் வந்து பாத்துட்டுப் போறீங்களா?" என்றார் பாலகோபால். பீளமேட்டில் பம்பு செட் கம்பெனி நடத்துகிறவர்.

"இதோ வாரேனுங்க சார்" என்று ஸ்கூட்டரை உதைத்த ஸ்ரீனிவாஸுக்கு வாயெல்லாம் பல். கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரனுக்கு ஒரு ரிப்பேர் வந்ததற்கு இவ்வளவு சந்தோஷம் ஆகாது. ஆனால் இந்த ரிப்பேரை உண்டாக்கியதே அவன்தான்.

எல்லாம் சாய்ப்ரியாவைப் பெண் கேட்டுப் போனதில் ஆரம்பித்தது. அவள் அப்பா சென்னகேசவனும் பம்பு செட் செய்கிறவர்தான். பாலகோபாலுக்குப் பரம வைரி. பெண் கேட்டு வந்தவனை உட்காரவைத்து, மிக்சர் கொடுத்து, "நகை, சீரெல்லாம் நாங்க பாத்துக்கறமுங்க மாப்ள. நீங்க ஒரே ஒரு பிளாப்பி மட்டும் கொண்டாங்க, போதும்" என்றார். பாலகோபாலின் புதுப் பம்பு டிராயிங்கைக் காப்பியெடுத்த பிளாப்பி. அந்த டிராயிங் அவருடைய லேப்டாப்பில் மட்டும்தான் இருந்தது. லேப்டாப்போ வீட்டு ஆபீஸ் அறையை விட்டு நகராது.

ஸ்ரீனிவாஸ் மூன்று வருஷமாக சாய்ப்ரியா நினைப்பாகவே இருப்பவன். திருட்டு பாவம்தான். அவள் வேறொருவனுக்குக் கழுத்தை நீட்டுவது அதைவிடப் பெரிய பாவம் என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டான்.

பாலகோபாலின் வீடும் பட்டறையும் ஒரே காம்பவுண்டு. அங்கே வழக்கமாகக் கம்ப்யூட்டர் பார்ப்பவன் என்று ஸ்ரீனிவாஸையும் பூஜைக்கு அழைத்திருந்தார்கள். ஆயுத பூஜையன்று லேத்துக்கும் டிரில்லிங் மெஷினுக்கும் டெம்போவுக்கும் ஆளாளுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருக்க, "லேப்டாப்புக்கு நான் வெக்கறேனுங்க" என்று சந்தனக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டான். ஒரு பொட்டு வைக்கிற இடத்தில் ஒரு கரண்டியை டச்பேடில் அப்பி, பட்டன் இடுக்கிலும் தடவிவிட்டு, கண்ணை மூடிக் கும்பிட்டான். பக்தியை யார் சந்தேகப்படுவார்கள்? கிளம்பும்போது பொரியும் சுண்டலும் மூன்று பொட்டலம் கேட்டு வாங்கிக்கொண்டான்.

இப்போது அதே அறை. பாலகோபால் வெளியே போயிருந்தார். அவர் மனைவி லட்சுமியம்மாள்தான் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

ஸ்ரீனிவாஸ் லேப்டாப்பை அணைத்துவிட்டு மறுபடி போட்டான். டச்பேடைத் தடவினான், அம்பு அசையவில்லை. பையிலிருந்து ஒயர் மவுஸை எடுத்துச் செருகினான், அம்பு ஓடியது. உதட்டைப் பிதுக்கினான்.

"பெரிய கோளாறுங்களா?" என்றார் லட்சுமியம்மாள்.

"உள்ள பாக்கணுங்கம்மா. ஒரு மணி நேரம் ஆகும்."

"அவ்வளவு நேரமா! இருங்க கண்ணு, காபி வெச்சுட்டு வாரேன். அப்படியே நாலு பணியாரமும் சுட்டுப்போடறேன்."

பக்கத்தில் இருப்பவர்களை எப்படிக் கிளப்புவது என்று பத்து நாளாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தான். கொங்கு நாட்டு உபசாரம் அதைத் தானாகவே செய்துவிட்டது.

திரையில் முதல் வரிசையிலேயே 'நியூ பம்ப்' என்ற பெயரோடு டிராயிங் உட்கார்ந்திருந்தது. பிளாப்பி கரகரவென்று அரைத்து முடித்துச் சட்டைப்பைக்குப் போன பிறகுதான் ரிப்பேரைத் தொடங்கினான். குண்டூசியால் பட்டன் இடுக்கைச் சுரண்டினான். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தான். சந்தனம் கொழகொழவென்று வந்து அறையே மணத்தது. பணக்கார வீட்டுச் சந்தனம் பத்து நாளானாலும் இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டான்.

"சந்தனம் உள்ள போயிருச்சுங்கம்மா. இப்ப சரியாயிருச்சு."

"சாமி காரியம். யாரைக் குத்தம் சொல்றதுங்க?" என்று பணியாரத் தட்டை நீட்டினார் லட்சுமியம்மாள்.

எட்டு பணியாரம் சாப்பிட்டான். கூலி மட்டும் வேண்டாமென்றுவிட்டான். மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதல்லவா!

தை மாதம் கிணத்துக்கடவில் ஒரு தென்னந்தோப்பில் சென்னகேசவன் தன் 'சொந்தப்' புதுப் பம்பை இறக்கினார். பந்தல், மாலை, சுற்றிலும் ஐம்பது விவசாயிகள். சுவிட்சைப் போட்டதும் மோட்டார் ஊரே அதிரக் கத்தியது. குழாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை.

"ஏனுங்க, இது பம்புங்களா, மிக்ஸிங்களா?" என்று ஒருவர் பணிவாகத்தான் கேட்டார்.

பிரித்துப் பார்த்தால், டிராயிங்கில் இருந்தபடியே, உள்ளே இறக்கைகளெல்லாம் எதிர்ப்பக்கம் வளைந்திருந்தன. முந்திக்கொள்ளும் அவசரத்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. "ஒரு பிளாப்பியக்கூட ஒழுங்காத் திருடத் தெரியாதவனுக்கு எம் பொண்ணா?" என்று கொதித்த சென்னகேசவன், அந்த வாரமே பல்லடத்துக் கோழிப்பண்ணை மாப்பிள்ளைக்குச் சாய்ப்ரியாவை நிச்சயம் செய்தார். பாலகோபாலின் பம்பு மட்டும் சக்கைப்போடு போட்டது.

மாசியில் பாலகோபால் வீட்டுப் பிரிண்டர் மக்கர் செய்ய, ஸ்ரீனிவாஸ் தாடியும் சோகமுமாக வந்து நின்றான். அதே அறை, அதே பணியாரம். ஒன்றைக்கூடத் தொடவில்லை.

"லேப்டாப் இப்ப நல்லா வேலை செய்யுதுங்களாம்மா?" என்று ஒப்புக்குக் கேட்டான்.

"அதுக்கென்னங் கண்ணு, அது எப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு" என்ற லட்சுமியம்மாள், காபியை அவன் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு அன்பாகச் சொன்னார்:

"பூசையன்னைக்கு நீங்க அப்புன சந்தனத்தை அன்னைக்குச் சாயங்காலமே தொடச்சுப்போட்டேனுங்க. நீங்க சொரண்டி எடுத்தது, நீங்க வந்த அன்னைக்குக் காலையில நான் அரைச்சு வெச்சது."