கைப்பக்குவம்

திருப்பூர் பனியன் கம்பெனியின் வாசல் கதவு, வருகிறவரின் மூச்சை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் திறக்கும். ஜரினாவுக்கு அன்றும் திறந்தது.

சாப்பாட்டு மேசையின் நடுவே கண்ணாடித் தடுப்பு. பக்கத்துப் பக்கத்து மெஷினில் தைக்கும் ஜரினாவும் மயிலாத்தாளும் தொற்றுக்காலத்திலும் டிபன் பாக்ஸ் மாற்றிக்கொள்வதை விடவில்லை. தடுப்பிலுள்ள சின்னக் கூண்டில் வைத்தால், ஊதா வெளிச்சத்தில் குளித்து மறுபக்கம் போய்விடும்.

முந்தாநாளும் நேற்றும் ஜரினாவின் குழம்பு உப்புக் கரித்தது. இன்று தன் சாம்பாரை அவள் சாப்பிடுவதையே மயிலாத்தாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருக்குது?"

"உங்க கைப்பக்குவம் யாருக்குங்கக்கா வரும்?" என்று ஜரினா வழித்துச் சாப்பிட்டாள்.

மேசையில் இரண்டு பொத்தான்கள். முதலாவது, அடுத்தவர் மறைக்கும் நோயைச் சொல்ல. மறைத்தவருக்கு அன்றோடு வேலை போய்விடும். இரண்டாவது, தன் நோயைத் தானே சொல்ல. சொன்னவரையும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவரையும் சிகிச்சைக்குக் கூட்டிப்போவார்கள், வேலை போகாது.

மயிலாத்தாள் இரண்டாவதை அழுத்தி, "எனக்கு ருசி தெரியலைங்க" என்றாள்.

ஆம்புலன்சில் ஜரினா தேம்பினாள். "எனக்குத்தானுங்கக்கா நாலு நாளா ருசியே தெரியல. வாசக் கதவும் கண்டுபுடிக்கல. கைக்கொழந்தைய உட்டுட்டு எப்படி வார்றதுன்னு வாயத் தொறக்கல. இப்ப உங்களுக்கும் ஒட்ட வெச்சுட்டனே!"

"அழுவாத கண்ணு, எனக்கு ஒண்ணுமில்ல" என்றாள் மயிலாத்தாள். "இன்னைக்குச் சாம்பாருல நான் உப்பே போடல."