ஒற்றைக்கண் பூனைக்கு ஒரு வீடு

வந்தவர் ஜன்னல் வலையில் இரண்டு விரலை விட்டுப் பார்த்தார். விரல் சுலபமாக வெளியே போய்விட்டது.

"இதுல தப்பிச்சு ஓடிடலாம்மா" என்றார், உதட்டைப் பிதுக்கிக்கொண்டு.

தையற்காரம்மா இயந்திரத்தை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். கிழிசல் கோடு போட்ட மாதிரி நேராக இருந்தது.

"அட, இது எப்போ கிழிஞ்சுது? போன வாரம் நல்லாத்தானே இருந்துச்சு!"

வந்தவர் போலீஸ்காரர் இல்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மின்சார மீட்டர்காரர். தெருவில் அடிபட்டுக் கிடக்கும் பூனைகளை எடுத்து வளர்க்கும் காப்பகத்துக்காக, தத்துக் கேட்பவர்களின் வீடுகளைப் பார்த்து எழுதிக் கொடுப்பது இப்போது அவர் வேலை. சம்பளம் கிடையாது. காப்பகத்தில் இருந்த சாம்பல் நிறப் பூனையைத்தான் தையற்காரம்மா கேட்டிருந்தார். அதற்கு ஒரு கண் தெரியாது.

ஒற்றைக்கண் பூனைக்கு வீடு பத்திரமாக இருக்க வேண்டும், நியாயம்தான். அதற்காக ஆறு வாரமாகச் செவ்வாய்க்கிழமை தவறாமல் வந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தால் எந்த வீடுதான் தேறும்? முதல் வாரம் பால்கனிக் கம்பி அகலம் என்றார். அடுத்த வாரம் தரையில் ஒரு குண்டூசி. அப்புறம் ஆடுகிற அலமாரி, மூடாத தண்ணீர் வாளி, பூட்டாத கத்தரிக்கோல் பெட்டி. சொன்னதையெல்லாம் அந்தம்மா சரி செய்துவிடுவார்; அதற்கடுத்த வாரம் புதிதாக ஒன்று முளைத்திருக்கும்.

அந்தம்மாவுக்குத் துணை ரொம்பத் தேவை. ஒரே மகள் கல்யாணமாகி விமானத்தில் போகிற தூரத்துக்குப் போய்விட்டாள். வீட்டில் பேச்சுத் துணைக்கு இருப்பது தையல் இயந்திரம் மட்டும்தான். அதுவும் மிதித்தால்தான் பேசும்.

"சரி, வலையை மாத்திடறேன். உக்காருங்க சார், டீ போடறேன்."

மீட்டர்காரர் உட்கார்ந்தார். முதல் டீயோடு ஒரு நாளைக்கு நூறு வீடு ஏறி இறங்கிய கதை வந்தது. இரண்டாவது டீயோடு, நாய்க்குப் பயந்து ஒரு வீட்டு மீட்டர் பெட்டிமேலேயே ஏறி நின்ற கதை. போன வாரமும் சொன்ன கதைதான். அந்தம்மா போன வாரத்தைவிட அதிகமாகச் சிரித்தார்.

தைத்த துணியை வாங்க மேல்வீட்டுக்காரி வந்தாள். மீட்டர்காரரைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னுமா பூனை வரல? ஏன் சார், ஒத்தையில கிடக்கிற மனுஷி துணைக்கு ஒரு பூனையைக் கேட்டா, அதுக்கு இத்தனை நொட்டையா? உங்க வீட்டை யாராவது வந்து இப்படிப் பாத்தா தேறுமா?"

"நீ சும்மா இரு. துணியை எடுத்துக்கிட்டுக் கிளம்பு" என்று தையற்காரம்மா அவசரமாக அவளை அனுப்பி வைத்தார்.

மீட்டர்காரர் வீட்டை யாராவது வந்து பார்த்து வருஷக்கணக்காகிறது. கையில் இருந்த படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"அவங்க சொன்னதுல தப்பே இல்லம்மா. நான்தான் தப்புப் பண்ணிட்டேன்."

"என்ன சார் ஆச்சு?"

"அந்தப் பூனை இப்போ அங்க இல்ல. ரெண்டாவது வாரமே வேற ஒருத்தருக்குக் கொடுத்துட்டாங்க. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் அன்னிக்கு வந்தேன். நீங்க 'வாங்க சார்'னு நாற்காலியை இழுத்துப் போட்டீங்க. எனக்குச் சொல்ல வாய் வரல. தரையில குண்டூசி கிடக்குதுன்னு சொல்லிட்டுப் போயிட்டேன்."

அந்தம்மா காலி டம்ளர்களை எடுத்து ஓரமாக வைத்தார்.

"முப்பது வருஷம் எல்லா வீட்டுக் கதவும் எனக்குத் திறந்துச்சும்மா. ரிட்டையர் ஆனதும் அவ்வளவுதான், ஒரு கதவு இல்ல. பூனையும் இல்லேன்னா இந்த வீட்டுல எனக்கென்ன வேலை? வேற பூனை கேக்கலாம்னு கூடச் சொல்லாம உங்களை ஏமாத்திட்டேன். மன்னிச்சிடுங்க."

எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினார். வெட்கத்தில் கால் சரியாக நுழையவில்லை. இனி இந்தப் படி ஏற முடியாது என்று நினைத்ததும், அந்த வயதிலும் அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

தையற்காரம்மா பின்னாலேயே வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மூணாவது வாரமே காப்பகத்துக்கு போன் பண்ணிக் கேட்டுட்டேன் சார். அதை விடுங்க, அடுத்த செவ்வாய்க்கு எதைக் கெடுத்து வைக்கட்டும்?"