கிழக்கு வரிசைத் தொட்டி

"கிழக்கு வரிசையில யாருமே குளிக்கிறதில்லையா, ரெபேக்காம்மா?"

தண்ணீர்த் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தபடியே கேட்டார் ஓட்டல் மேனேஜர் காசிநாதன்.

"குளிக்காம இருப்பாங்களா சார்? நல்லாத்தான் குளிச்சிகினு கீறாங்க" என்றாள் ரெபேக்காள். கிழக்கு வரிசைக் காட்டேஜுகள் அவள் பொறுப்பு. சதுரங்கப்பட்டினத்துக்காரி. சொல்ல வேண்டியதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டி இருந்தது அந்த ஓட்டல். கோடை தொடங்கியதுமே கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்தது. நல்ல தண்ணீர் திருக்கழுக்குன்றத்துப் பக்கமிருந்து டேங்கர் லாரியில் வரவேண்டும். டீசல் தட்டுப்பாட்டில் லாரி ஒரு நாள் வந்தால் மறுநாள் வராது. மெட்ராஸிலிருந்து முதலாளி ஜானகிராமன் போனில் கறாராகச் சொல்லிவிட்டார்: தண்ணீர்ச் செலவு பாதியாகக் குறைய வேண்டும், இல்லையென்றால் மழை வரும்வரை ஓட்டலுக்குப் பூட்டு, ஆட்கள் எல்லாம் வீட்டுக்கு.

காசிநாதன் தன்னால் ஆனதைச் செய்தார். ஷவர்களைக் கழற்றிவிட்டு அறைக்கு ஒரு வாளி வைத்தார். படுக்கை விரிப்பு மாற்றுவதைக் குறைத்தார். குளித்த தண்ணீரைத் தென்னைகளுக்குத் திருப்பினார். மேற்கு வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. பம்பாய் வியாபாரி ஒருவர் காலி வாளியோடு ரிசப்ஷனுக்கே வந்து நின்றுவிட்டார்.

கிழக்கு வரிசையில் மட்டும் ஒரு புகாரும் இல்லை. பொழுது சாய்ந்த பிறகும் அந்தத் தொட்டியில் தண்ணீர் ததும்பியது. அதோடு, இரண்டு நாளைக்கு என்று வந்த வெள்ளைக்காரர்கள் ஒரு வாரம் தங்கினார்கள்.

காசிநாதனுக்குச் சந்தேகம் வந்தது. உப்புத் தண்ணீரைக் கலந்துவிடுகிறாளோ? விருந்தாளிகளுக்கு உடம்பு அரித்தால் ஓட்டல் பெயர் என்ன ஆகும்? ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தார். தித்தித்தது. மோட்டார் பார்க்கும் துரையிடம் அவளைக் கவனிக்கச் சொன்னார். கிணற்றுப் பக்கமே அவள் போகவில்லை என்றான் துரை. காலையில் விருந்தாளிகளை ஊர் பார்க்க மாட்டுவண்டியில் அழைத்துப் போகிறாள், நாஸ்தா நேரத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள், அவ்வளவுதான் என்றான். அது காசிநாதனுக்கும் தெரியும். அனுமதி கொடுத்ததே அவர்தான்.

மாதக் கடைசியில் ஜானகிராமன் காரில் வந்து இறங்கினார். தண்ணீர்ச் செலவு பாதிக்கும் கீழே போயிருந்தது. அதைக் கேட்டு அவர் சந்தோஷப்படவில்லை. விருந்தாளிகளைக் குளிக்கவிடாமல் ஓட்டல் நடத்துகிறீர்களா என்று கேட்டார்.

"கிழக்கு வரிசையிலயே எனக்கு ஒரு ரூம் கொடுங்க. குளிக்கத் தண்ணி வருதான்னு நானே பார்த்துடறேன்" என்றார் முதலாளி.

மறுநாள் காலை காசிநாதன் காபியோடு போனபோது காட்டேஜ் கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே ஆள் இல்லை. குளியலறைத் தரை காய்ந்து கிடந்தது. வாளியில் தண்ணீர் பிடித்த சுவடே இல்லை. சொட்டுத் தண்ணீர் வரவில்லை போலிருக்கிறது, மனிதர் கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று முடிவு செய்தார். ஆனால் கார் அங்கேயே நின்றது.

வெளியே பெருக்கிக்கொண்டிருந்த சந்திரம்மாவிடம் கேட்டார்.

"பெரிய அய்யாவா? விடியசொல்லோ வெளிய வந்து ரெபேக்காகிட்ட சத்தம் போட்டாரு. அது இன்னாவோ சொல்லிச்சு. அப்புறம் வெள்ளக்காரங்களோட அவரும் வண்டில குந்திகினு போய்ட்டாரு" என்றாள் அவள்.

காசிநாதன் துரையின் சைக்கிளை வாங்கிக்கொண்டு கிளம்பினார். வண்டித் தடத்தைப் பிடித்துக் கால்வாய்ப் பாலத்தைத் தாண்டி மேற்கே மிதித்தார். தன் வேலை போனாலும் போகட்டும், மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பாதீர்கள் என்று கேட்டுவிட வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனார். சவுக்குத் தோப்பு முடிந்ததும், ஓட்டலுக்குக் காய்கறி கொடுக்கும் திருவேங்கடத்தின் கத்திரித் தோட்டம் தெரிந்தது. ஓரமாக வண்டி அவிழ்த்துவிடப்பட்டிருந்தது. வரப்பில் துண்டுகளைத் தோளில் போட்டுக்கொண்டு ரெபேக்காள் நின்றிருந்தாள்.

"முதலாளி எங்கே?" என்றார் காசிநாதன், மூச்சு வாங்க.

அவள் பம்ப்செட் பக்கம் கையைக் காட்டினாள். தொடைப் பருமனில் தண்ணீர் கொட்டியது. சிமெண்டுத் தொட்டிக்குள் வெள்ளைக்காரர்கள் கழுத்தளவு நீரில் உட்கார்ந்திருந்தார்கள். நிரம்பி வழிந்த தண்ணீர் வாய்க்காலில் இறங்கிக் கத்திரிப் பாத்திகளுக்குப் பாய்ந்துகொண்டிருந்தது.

"தண்ணிய அங்க கொண்டாரதுக்குத்தான சார் லாரி? ஆளுங்கள இங்க இட்டுகினு வந்துட்டேன். திருவேங்கடம் எப்டியும் தோட்டத்துக்குப் பாய்ச்சணும். மொதல்லயே சொல்லியிருந்தா நீங்க வேணான்னு சொல்லியிருப்பீங்க" என்றாள் ரெபேக்காள்.

கொட்டும் தண்ணீருக்கு நேர் கீழே, துண்டைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடித் தலையைக் கொடுத்து நின்றவர் ஜானகிராமன். காசிநாதனின் குரல் கேட்டு ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"பாதி லாரியை நிறுத்திடுங்க காசிநாதன்" என்றார். "அப்புறம் அந்தச் சட்டையைக் கழட்டிட்டு இறங்குங்க, கரண்ட் போயிடப் போகுது."