உச்சிப் பலகை

"காபி ஊத்துறவளுக்கு உச்சிப் பலகை கேட்குதா?"

பேங்க் மேனேஜர் கோர்டன் மேசையில் தட்டிய தட்டில் எல்லார் கோப்பையும் ஆடியது.

எங்கள் காமஸ் கிராசிங்கில் புதிதாக வரலாற்று மையம் எழும்பிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்தில் கிழக்கேயிருந்து மலை தாண்டி நாடு பார்க்க வந்த பயணக் குழு, பட்டினியில் சுருண்டு எங்கள் நதிக்கரையில்தான் வந்து விழுந்தது. அந்தக் கதையைச் சொல்கிற மையம். கூரை மட்டும் பாக்கி.

ஸ்பான்சர் பிடிக்கக் கமிட்டி ஒரு வழி கண்டுபிடித்திருந்தது. மாட்டுக்குச் சூடு போட இங்கே வீட்டுக்கு ஒரு இரும்பு உண்டு, ஒவ்வொரு இரும்புக்கும் ஒரு தனிக் குறி உண்டு. உதவுகிறவர்கள் மையத்தின் வாசல் சுவரில், பைன் பலகையில், தங்கள் குறியைச் சுட்டுக்கொள்ளலாம். முதலில் முன்வருகிறவருக்குக் கேட்ட இடம்.

அறிவிப்பு வந்ததுமே கை தூக்கினாள் காபிக் கடை வெர்னா.

"வேலை முடியிற வரைக்கும் எல்லாருக்கும் காபி என் செலவு. எனக்கு உச்சிப் பலகை. முழுசா!"

அதற்குப் பிறகுதான் பேங்க் கூரையோடு வந்தது. மாடே வளர்க்காத பேங்க், இதற்கென்றே ஒரு இரும்பு அடித்து வைத்திருந்தது.

"ஒரு கூரையே குடுக்குறோம். இவ காலடியில எங்களுக்கு இடமா?" என்றார் கோர்டன்.

கமிட்டித் தலைவி ஆர்லிஸ் வெர்னாவின் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். "விட்டுக் குடுடி. உனக்கு ஒரு கன்னுக்குட்டி கூடக் கிடையாது!"

"புருஷன் விட்டுட்டுப் போன இரும்பு இருக்குல்ல?"

"அப்ப கூரைக்கு வேற ஆளைப் பாத்துக்கங்க." கோர்டன் எழுந்துவிட்டார்.

வெர்னா நிதானமாக அடுத்த கோப்பையில் காபி ஊற்றினாள். "பாத்தாச்சு கோர்டன். ஆத்துக்கு அந்தப் பக்கத்து பேங்க், ரெண்டாவது பலகையே போதும்னு நேத்தே சொல்லிட்டாங்க."

கோர்டன் உட்கார்ந்துவிட்டார். கூரை வந்தது.

ஆனால் வெர்னாவின் பேர் கெட்டது. தற்பெருமை பிடித்தவள் என்றோம். ஒரு குடம் காபிக்கு ஊரையே விலை பேசியவள் என்றோம். இத்தனையும் அவள் காபியைக் குடித்துக்கொண்டேதான்! வாய் ஓய்ந்ததும் இரண்டாவது கோப்பைக்கு நீட்டினோம்.

திட்டாதவர் லீலாண்ட் ஒருத்தர்தான். இந்த மண்ணின் பூர்வகுடியான நெஸ் பெர்ஸ் இனத்துக்காரர், நதிக்கு மேலே குதிரை வளர்க்கிறவர். பள்ளிப் பிள்ளைகள் ஏறிச் சுற்ற, கோடை முழுக்கக் குதிரைகளைச் சும்மாவே கொண்டுவருவதாக ஒப்புக்கொண்டிருந்தார்.

"லீலாண்ட், உங்களுக்கும் கதவோரமா, கீழ ஒரு மூலை இருக்கு," என்று ஆர்லிஸ் பெரிய மனசு பண்ணினாள்.

"அவ்வளவு குனிய முதுகு ஒத்துக்காதும்மா. நான் குதிரையோட நின்னுக்கிறேன்," என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார் அவர்.

திறப்பு விழா அன்று ஊரே திரண்டிருந்தது. கீழிருந்து மேலாக ஒவ்வொரு குடும்பமும் பழுத்த இரும்பைப் பலகையில் வைக்க, புகையும் கைதட்டலுமாகச் சுவர் நிறைந்தது. கோர்டன் இரண்டாவது பலகையில் பேங்கின் குறியைப் பதித்து, போட்டோவுக்கு நின்றார்.

கடைசியில் உச்சிப் பலகை. கைதட்டல் சட்டென்று நின்றது. வெறுங்கையோடு முன்னால் வந்தாள் வெர்னா.

"இரும்பு எங்கடி?" என்றாள் ஆர்லிஸ்.

"வீட்டுல ஆணியில தொங்குது." வெர்னா கூட்டத்தின் பின்பக்கம் பார்த்துக் கத்தினாள். "லீலாண்ட்! உங்க இரும்பு வண்டியிலதானே கிடக்கு? எடுத்துக்கிட்டு வாங்க. இது உங்க பலகை."

"என்ன வெர்னா, விளையாட்டா?" என்றார் லீலாண்ட்.

"பட்டினியா வந்து விழுந்தவங்களுக்கு மீனும் கிழங்கும் குடுத்தது யாரு? பனி முடியிற வரைக்கும் அவங்க குதிரையை வச்சுப் பாத்துக்கிட்டது யாரு? உங்க ஆளுங்கதானே! உள்ள படம் படமா மாட்டி வச்சிருக்கோம். வெளிய உங்களுக்குக் கதவோர மூலையாம்!"

ஆர்லிஸ் தரையைப் பார்த்தாள். எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது.

லீலாண்ட் குதிரையைக் கம்பத்தில் கட்டிவிட்டு, இரும்போடு வந்தார். "அந்தச் சாப்பாட்டுக்கு இன்னும் பில்லே அனுப்பலியேன்னு எங்கம்மா சொல்லிக்கிட்டே இருப்பாங்க," என்றபடி அதை நெருப்பில் வைத்தார்.

யாரோ வாய்விட்டுச் சிரிக்க, கூட்டமே சிரித்தது.

பழுத்த இரும்போடு லீலாண்ட் ஏற, ஏணி ஆடியது. ஓடிப்போய் அதைப் பிடித்துக்கொண்டவர் வேறு யாருமில்லை, கோர்டன்தான்.

பலகையில் புகை கிளம்பியது. லீலாண்ட் குடும்பத்தின் அரைநிலா, சுவரின் உச்சியில் கருகருவென்று விழுந்தது. விசில் கிளம்பியது. தொப்பிகள் பறந்தன. கட்டியிருந்த குதிரைகள் கூடக் கனைத்தன. ஊர் இப்படிக் கூச்சல் போட்டு நான் கேட்டதே இல்லை.

ஏணியை விடாமலே திரும்பினார் கோர்டன். "இதை அன்னிக்கே சொல்லியிருந்தா நானே ஒத்துக்கிட்டிருப்பேனே, வெர்னா?"

"லீலாண்டுக்குன்னு கேட்டிருந்தா, 'யோசிப்போம்'னு சொல்லிச் சொல்லியே மூலைக்குத் தள்ளியிருப்பீங்க. எனக்குன்னு கேட்டதால திட்டோட போச்சு. ஆளு வர்ற வரைக்கும் துண்டு போட்டு வச்சேன், அவ்வளவுதான்!"