உடைந்த பல்

"மேல் பிளக்கைத் திறக்காம கீழ் பிளக்கில கை வைக்கிறவன் முட்டாள்!"

காருக்கு அடியில் மல்லாந்து கிடந்த ஸ்பேனர் மாமாவின் குரல் இரும்பில் மோதி வெளியே வந்தது.

சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்த மச்சினன் கொட்டாவி விட்டான். "ஏன் மாமா?"

"கீழே திறந்து பழைய ஆயிலைக் கொட்டிட்டே. மேல் பிளக் துருப்பிடிச்சு அசையல. புது ஆயிலை எந்த வழியா ஊத்துவே? உன் வாய் வழியாவா?"

தெருவில் எல்லாருக்கும் அவர் ஸ்பேனர் மாமாதான். தன் காரை எந்த மெக்கானிக்கும் தொட விட்டதில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு போல்ட் தலை மழுங்கியதில்லை, ஒரு மரை தேய்ந்ததில்லை என்பதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை.

நாளைக் காலை மலைப்பாதையில் போய் மகளையும் கைக்குழந்தையையும் கூட்டி வர வேண்டும். ஏற்றத்தில் பாடுபடுவது பின்சக்கரங்களுக்கு நடுவே இருக்கும் பற்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியல்தான். அதனால்தான் இன்றைக்கு அதற்குப் புது ஆயில்.

மாமா ஒரு ஸ்பேனரை வெளியே நீட்டினார். "இந்த ஸ்பேனர்ல நம்பர் என்னடா? எண்ணெய் பட்டு அழிஞ்சு போச்சு."

"நல்லாத் தெரியுதே மாமா. இருபத்துநாலு."

"ஸ்பேர் பார்ட்ஸ் கடையில வேலை பார்க்கிறவன் இதையாவது படிக்கிறியே."

மச்சினன் வாரத்தில் பாதி நாள்தான் கடைக்குப் போவான். மீதி நாள் அக்கா வீட்டில் சாப்பிட்டுத் தூங்குவான்.

அக்கா தண்ணீரோடு வந்து நின்றாள். "என்னங்க, பஸ்ஸிலேயே போய்ட்டு வந்துடலாமே. போன வாரம் பட்டப்பகல்ல கேட் தூணில இடிச்சீங்க..."

"தூணை அந்த இடத்தில எவன் கட்டினான்? அவனைப் போய்க் கேளு."

"நீங்கதான் கட்டுனீங்க."

மாமா மேல் பிளக்கைத் திருகினார். அது சமர்த்தாகத் திறந்தது. பிறகு கீழ் பிளக். கறுப்பு ஆயில் கயிறு மாதிரி தட்டில் இறங்கியது.

"தட்டை வெளியே இழுத்துக்கோடா."

ஊர்ந்து வெளியே வந்தவர் ஆயிலுக்குள் கையை விட்டுத் துழாவினார். இது அவருடைய வழக்கம். மாவு மாதிரி தூள் வந்தால் கவலையில்லை. துண்டாக ஏதாவது வந்தால் வண்டி முடிந்தது.

கை சட்டென்று நின்றது.

விரல்களுக்கு நடுவே, எண்ணெய் சொட்டச் சொட்ட, ஓர் இரும்புத் துண்டு. பற்சக்கரத்தின் உடைந்த பல்.

மாமா அதைத் தூக்கிப் பிடித்தார். "பல் உடைஞ்சிருக்குடா... இதை வச்சுக்கிட்டா நாளைக்கு மலை ஏற இருந்தேன்?"

மச்சினன் தலையைக் குனிந்துகொண்டான்.

"போன மாசம் வண்டியை எடுத்துட்டுப் போனியே, என்னடா பண்ணினே?"

"ஒரு பள்ளத்துல... இறக்கிட்டேன் மாமா."

"சொன்னியாடா? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னியா? கைக்குழந்தையோட நடு மலையில சக்கரம் இறுகி நின்னிருந்தா? தின்ன சோத்துக்காவது விசுவாசம் வேண்டாமா?"

அக்கா பல்லைப் பார்த்தாள். தம்பியைப் பார்க்கவில்லை. "அப்போ நாளைக்கு பஸ்தான்" என்றாள் மெதுவாக.

"பஸ்தான்! உன் தம்பி பண்ணின காரியத்துக்கு வேற என்ன? அவனை என் கண்ணு முன்னால நிக்க வேண்டாம்னு சொல்லு!"

அவள் உள்ளே போய்விட்டாள். மச்சினன் கேட் பக்கம் நகர்ந்தான்.

மாமா மறுபடி காருக்கு அடியில் போனார். உள்ளே இன்னும் எத்தனை துண்டோ? கீழ் ஓட்டையில் விரலை விட்டார். ஒரு விரல்தான் நுழைந்தது. எட்டிய வரை தடவினார். ஒன்றும் இல்லை.

இன்னொரு கையில் அந்தப் பல் இருந்தது. ஏதோ நினைத்தவராக அதை ஓட்டையில் வைத்து அழுத்தினார்.

நுழையவில்லை.

திருப்பி வைத்தார். நுழையவில்லை. குறுக்காக, நெடுக்காக, எப்படி வைத்தும் நுழையவில்லை.

வெளியே வந்தது உள்ளே போகாதா?

ஊர்ந்து வெளியே வந்தார். "டேய், இங்க வா. இது இந்த ஓட்டை வழியாவா வந்துச்சு?"

மச்சினன் கேட்டைப் பிடித்தபடி தரையைப் பார்த்தான்.

"கேக்கறேன்ல?"

"லாரிப் பல் மாமா. எங்க கடைக்குப் பின்னாடி கிடந்துச்சு. நீங்க அடியில இருக்கும்போது தட்டுல போட்டேன்."

"அப்போ பள்ளத்துல இறக்கினது?"

"எந்தப் பள்ளமும் இல்ல மாமா. உங்க வண்டி தங்கமா இருக்கு."

மாமா கையிலிருந்த பல்லை மறுபடி தடவினார். இவ்வளவு திட்டையும் வாங்கிக்கொண்டு நின்றானே! அடுத்த கணம் கோபம் பொங்கியது.

"லாரிப் பல்லு! ரெண்டு விரல் தடி! ஒரு விரல் போற ஓட்டை வழியா இது வந்துச்சுன்னு எந்தக் குருடன்டா நம்புவான்? என்னை என்னன்னு நினைச்சே?"

"நானும் அதைத்தான் சொன்னேன் மாமா. இவ்வளவு பெரிசு, பார்த்த உடனே பிடிச்சிடுவார்னு."

மச்சினன் வீட்டுப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"அக்காதான் அழுதுக்கிட்டே, 'போடுடா, தூணே தெரியாதவருக்கு இதுவா தெரியப்போகுது'ன்னா."