கடுகளவு திசு

கோழிக்கருவில் இதயமாகப் போகும் திசுவை முன்கூட்டியே வெட்டித் தனியே வைத்தால் ஒருபோதும் துடிக்காது என்று நிறுவியவர் பேராசிரியர் பூங்கோதை. முப்பது வருடமாகப் பாடப்புத்தகங்களும் அதையே சொல்லின. அன்று அவருடைய பழைய மாணவி மெஹருன்னிசா, கண்ணாடித் தட்டில் அப்படியொரு திசுவோடு ஆய்வகத்துக்கு வந்தாள்.

"கொஞ்சம் பாருங்க மேடம்."

பூங்கோதை நுண்ணோக்கியில் குனிந்தார். கடுகளவு திசு சுருங்கி விரிந்தது. மேசைதான் ஆடுகிறதோ என்று அதை இறுகப் பிடித்துக்கொண்டார். துடிப்பு நிற்கவில்லை.

அவர் முடிவை நம்பியே ஆய்வேட்டை எழுதி முடித்திருந்த இப்போதைய மாணவன் கதிரேசன் அடுத்த மேசையிலிருந்து எட்டிப் பார்த்தான். "துடிக்கலைதானே மேடம்?"

துடிக்கவில்லை என்று அவர் சொல்லிவிட்டால் அந்த அறையில் மறுபேச்சு கிடையாது. பூங்கோதை நாற்காலியை விட்டு எழுந்து விலகி நின்றார்.

"நீயே வந்து பாருப்பா."