செல்லோவில் இல்லாத சுரம்

செப்டம்பர் 12, காலை பத்தேகால். மேஜையைச் சுற்றி ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். நின்றுகொண்டிருந்தவர் ‘இடி’.

கீழ்ச்சுரங்களில் முழங்கும் பேஸ் கிதார் வாசிப்பவர் என்பதால் வந்த பட்டம். இசைக்கலைஞர் சங்கத்தில் அவரை யாரும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"ஒரு நாற்காலி போடலாமே" என்றார் ஒருவர்.

"எதுக்கு? உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்துதான் இவ்வளவும் பண்ணியிருக்கார். கொஞ்சம் நிக்கட்டும்" என்றார் செயலாளர்.

மேஜைமேல் இடியின் பேஸ் கிதார் கிடந்தது. அதிலிருந்து ஒரு ஒயர். ஒயரின் முனையில் சோப்பு டப்பா அளவில் ஒரு கருவி.

"இது என்ன செய்யும்? எல்லாருக்கும் விளங்கற மாதிரி சொல்லுங்க."

"நான் எந்தத் தந்தியை எங்கே அழுத்தி மீட்டறேன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லும். எந்த வாத்தியம் வேணும்னு கேட்கறோமோ, அந்தக் குரல்ல கம்ப்யூட்டர் அதை வாசிக்கும்."

"புல்லாங்குழல்?"

"வாசிக்கும்."

"வயலின்?"

"ம்."

"செல்லோ?"

இடி மேஜைக் கோடியைப் பார்த்தார்.

பெரிய வயலின் போன்ற அந்த வாத்தியத்தை வாசிக்கும் செல்லோக்காரர் அங்கே தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். இடியின் அக்கா புருஷன்.

வயலின்காரர் எழுந்தார். பாம்புக் காது அவருக்கு.

"போன மாசம் வந்த பாட்டு. செல்லோன்னு இவரோட அத்தான் பேரைப் போட்டிருக்கு. நாலு தடவை கேட்டேன். ஒரு இடத்துல, செல்லோவோட கடைசித் தந்திக்கும் கீழே நாலு சுரம் இறங்குது. அதைச் செல்லோவுல வாசிக்கணும்னா தரையைத் தோண்டிக்கிட்டுத்தான் உட்காரணும்."

சிலர் சிரித்தார்கள்.

செயலாளர் செல்லோக்காரர் பக்கம் திரும்பினார்.

"அன்னிக்கு நீங்க வாசிச்சீங்களா?"

"வாசிச்சேன். மச்சினன் வீட்டு ரூம்லதான் பதிவு. முடிச்சுட்டுக் கிளம்பிட்டேன்."

"இப்போ பாட்டுல இருக்கறது?"

"என் வாசிப்பு இல்லை."

அறை கொதித்தது.

"சொந்த அத்தான் வாசிச்சதை அழிச்சுட்டு டப்பாவை வெச்சிருக்கான்யா!"

"இன்னிக்கு அவரு. நாளைக்கு நம்ம எல்லாரையும் இதுக்குள்ள போட்டு மூடிடுவான்."

"உண்ட வீட்டுக்கே ரெண்டகம்!"

செயலாளர் மேஜையைத் தட்டினார். "அழிச்சீங்களா?"

இடி அத்தானைப் பார்த்தார். அத்தான் மேஜையைப் பார்த்தார்.

"அழிச்சேன்."

உறுப்பினர் அட்டையை அங்கேயே வாங்கிக்கொண்டார்கள். அட்டை இல்லாதவரை எந்த ஒலிப்பதிவுக் கூடமும் உள்ளே விடாது.

"மனசை விட்டுடாதீங்க" என்று வயலின்காரர் செல்லோக்காரரின் தோளைத் தடவிக்கொடுத்தார்.

இடி மாடிப்படியில் நின்று கிதாரை உறையில் போட்டுக்கொண்டிருந்தபோது, செல்லோக்காரர் இறங்கி வந்தார். மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"மாப்ளே..."

"போங்க அத்தான். யாராவது பார்க்கப் போறாங்க."

"தப்பு என்னோடதுடா. கண்ணை மூடிக் கேட்டுக்கிட்டே, ‘நிறுத்தாதே, இன்னும் இறங்கு’ன்னு சொன்னவன் நான். என் தந்தி எங்கே முடியுதுன்னு எனக்கே மறந்துபோச்சு."

அவருடைய இடது கையில் இரண்டு விரல்கள் மரத்துப்போய் இரண்டு வருஷம் ஆகிறது. மச்சினனைத் தவிர யாருக்கும் தெரியாது. செல்லோவை முதுகில் சுமந்துகொண்டு மச்சினன் வீட்டுக்குப் போவார். உறையைப் பிரிக்காமல் சுவரோரம் சாய்த்துவைப்பார். மச்சினன் பேஸில் மீட்ட மீட்ட, வில் எங்கே அழுந்தும், எங்கே தளரும் என்று பக்கத்திலிருந்து கையாட்டிக் காட்டுவார். பாட்டில் அவர் பெயர் வரும்.

வாசிக்க முடியாதவரின் அட்டையைச் சங்கம் அன்றைக்கே ரத்து செய்துவிடும். உறுப்பினராகி இருபத்தைந்து வருஷம் முடிவதற்குள் அட்டை போனால் ஓய்வூதியம் கிடையாது. முடிய இன்னும் பதினெட்டு நாள் இருந்தது.

"அக்காகிட்ட உண்மையைச் சொல்லியாச்சா?" என்றார் இடி.

"அவளுக்கு என் விரல் விஷயமே தெரியாதே. சங்கத்து நோட்டீஸைப் பார்த்ததிலேர்ந்து உன்னைத்தான் திட்டிக்கிட்டிருக்கா. வாசல் மிதிக்கக் கூடாதாம்."

"சரி. திட்டட்டும்."

"பதினெட்டே நாள்டா. பென்ஷன் ஆர்டர் கைக்கு வரட்டும். மறுநாளே இதே மேஜை முன்னாடி நின்னு, உன்னைச் சேர்த்துக்கச் சொல்லி நானே பேசறேன். உங்க அக்கா மேல சத்தியம்."

"அக்காவை விடுங்க. உங்க மேல பண்ணுங்க."

செல்லோக்காரர் தன் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார்.

செப்டம்பர் 30 அன்று அவருக்கு இருபத்தைந்து வருஷம் முடிந்தது. அடுத்த வாரமே ஆர்டர் வந்தது. மச்சினன் துரோகத்தை மௌனமாகப் பொறுத்துக்கொண்ட பெருந்தன்மையைப் பாராட்டி, சங்கம் அவரை ஒழுங்குக் குழுத் தலைவராக்கியது.

இடி பொறுத்துப் பார்த்தார். மூன்று தடவை போன் செய்தார். மூன்று தடவையும் அக்காதான் எடுத்து, குரல் கேட்டதும் வைத்தாள். ஜனவரிக் கடைசியில் அவரே அட்டை கேட்டு மனு எழுதிப் போட்டார். பழைய விவகாரம் எதையும் அதில் எழுதவில்லை.

பிப்ரவரி 11 அன்று பதில் வந்தது: "சக கலைஞரின் வாசிப்பை அழித்தவருக்கு மீண்டும் அட்டை வழங்குவதற்கில்லை."

கீழே, குழுத் தலைவர் என்ற இடத்தில், அத்தானின் கையெழுத்து.